குவாரி மஸ்டர்ல எங்க பெரியம்மா பேரு எங்கே?

(போன ஞாயிற்றுக்கிழமை மகளிர் அணி பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் மேடையில் விட்டதையும் இதில் சேர்த்திருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். இப்ப முடியலைன்னா சேமித்து வைத்தாவது படிச்சிடுங்க.)



நான் பேச்சாளர் கிடையாது. ஐடி விங்ல கார்டு டிசைன் பண்றவ. "சுரங்கமும் பெண்களும் சட்டமும்" என்று தலைப்பு கொடுத்ததும் இன்னொரு அக்காவைப் பேசச் சொல்லலாமே என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம் யோசிச்சா, இந்தச் சட்டம் எங்க வீட்டுக்குள்ளேயே ரெண்டு பேர் மேல ரெண்டு விதமா விழுந்திருக்கு. அதனால் நானே பேசிடறேன்.

2018ல் ப்ளஸ் டூ முடிச்சேன். கவுன்சிலிங்குக்கு ஊர் ப்ரௌசிங் சென்டர்ல உட்கார்ந்து கையேட்டைப் பார்க்கிறோம். எனக்கு சுரங்கப் பொறியியல் மேல ஒரு கண். காரணம் எங்க பெரியம்மா. இருபத்திரண்டு வருஷம் கல்குவாரியில் வேலை பார்த்தவங்க. பாறையில் எந்த இடத்தில் அடிச்சா எந்தப் பக்கம் விரிசல் ஓடும் என்று கையை வைத்தே சொல்வாங்க. அதைப் படிப்பா படிக்கலாம் என்று தெரிஞ்சதும் எனக்கு ஆசை வந்துடுச்சு. கையேட்டில் அந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ஆண்கள் மட்டும். சென்டர் அண்ணன் சொன்னார், "அது பொண்ணுங்களுக்கு வராதும்மா, சட்டமே அப்படித்தான். மெக்கானிக்கல் போடு."

போட்டேன். படிச்சும் முடிச்சேன். ஆனா "சட்டமே அப்படித்தான்" என்பது மட்டும் மனசுல தங்கிடுச்சு. எந்தச் சட்டம்?

1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம், பிரிவு 46. சுருக்கமா சொன்னா, எந்தச் சுரங்கத்திலும் தரைக்குக் கீழே பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது. தரைக்கு மேலே என்றால் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரை மட்டும். ஒரு நாள் வேலை முடிஞ்சு அடுத்த நாள் தொடங்குறதுக்கு நடுவுல 11 மணி நேர இடைவெளி கட்டாயம்.

படிச்சதும் எனக்கு முதல்ல வந்தது கோபம் இல்லை, சிரிப்பு. ஏன்னா கல்குவாரியும் சட்டத்தின் கண்ணில் சுரங்கம்தான். எங்க பெரியம்மா வெயிலுக்கு முந்தணும்னு விடியற்காலை நாலு மணிக்கே தூக்குச்சட்டியோட கிளம்பிடுவாங்க. ஆறு மணிக்கு முன்னாடி பெண் அங்கே நிற்கவே கூடாதுன்னு சட்டம் சொல்லுது. ஆறு மணிக்குள்ள அவங்க ஒரு குவியல் ஜல்லி உடைச்சிருப்பாங்க. என்னைக் கல்லூரிக்குள்ள விடாம நிறுத்தின அந்த ஒரு பிரிவு, பெரியம்மாவை ஒருநாளும் நிறுத்தியதில்லை.

இதோட முடியலை. அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் பாருங்க. கட்டடக் கல், சாலை ஜல்லி, சரளை, செம்பாறை, சாதாரண மணல் மாதிரி பொருள் எடுக்கும் சின்ன குவாரிகளுக்கு விலக்கு உண்டு. திறந்தவெளிக் குழி என்றால் ஆழம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஆள் 50க்கு மேல் கூடாது, வெடி வைக்கக் கூடாது. இந்த மூணும் இருந்தா சட்டத்தின் பெரும்பகுதி அந்தக் குவாரிக்குப் பொருந்தாது. (கணக்குப் புத்தகத்தில் வெடி இருக்காது. ஊருக்கே காதுல மட்டும் கேட்கும். அது தனிக்கதை.)

பெரும்பகுதி என்றால் எது? குடிதண்ணீர், முதலுதவி, கழிப்பறை, வேலை நேரம், விடுப்பு, பதிவேடு எல்லாம் போயிடும். மிஞ்சுவது ஆய்வாளரின் அதிகாரம் பற்றிய பிரிவுகள், வயது குறைந்தவர்களை வேலைக்கு வைப்பது பற்றிய பிரிவுகள், அப்புறம் நம்ம பிரிவு 46. அதாவது சின்ன குவாரியில் ஒரு பெண்ணுக்கு இந்தச் சட்டத்திலிருந்து வசதி எதுவும் கிடையாது, தடை மட்டும் உண்டு.

இது எப்படி வேலை செய்யும்னு பெரியம்மாவே சொல்லியிருக்காங்க. ஜீப் வர்ற தகவல் வந்தா மேஸ்திரி ஓடிவந்து, "பொம்பளைங்க எல்லாம் கருவேலங்காட்டுப் பக்கம் போங்க" என்பாராம். ஜீப் போனதும் திரும்ப வந்து உடைப்பாங்க. லோடு கணக்குல கூலி, அதுவும் பெரியப்பா பேருல. ரெண்டு பேர் உடைச்ச கல்லுக்கு ஒரு பேர்தான் நோட்டுல. இருபத்திரண்டு வருஷமா அவங்க பேரு எந்தத் தாளிலும் இல்லை.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று தேடினா இன்னும் பின்னாடி போகணும்.

1920களில் வங்காளம், பீகார் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சந்தால், பௌரி சமூகப் பெண்கள் நிறைய பேர். கணவன் நிலக்கரி வெட்டுவார், மனைவி கூடையில் சுமந்து தொட்டியில் கொட்டுவார். கூலி தொட்டிக் கணக்கு. எங்க பெரியப்பா பெரியம்மா கதையேதான், நிலக்கரிக்குப் பதில் கருங்கல். குழந்தையை விட இடம் இல்லாம சுரங்கத்துக்குள்ளேயே தூக்கிட்டுப் போனவங்களும் உண்டு. கொடுமையான வேலை, அதில் சந்தேகமே இல்லை.

1929ல் பிரிட்டிஷ் அரசு விதி போட்டு, தரைக்குக் கீழிருந்து பெண்களைப் படிப்படியா வெளியேற்றத் தொடங்கியது. 1935ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 45ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது, அதுவும் இதையேதான் சொன்னது. 1937லேயே இங்கே தடை முழுசா வந்துடுச்சு, 1938ல் இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றது. வெளியே வந்த பெண்களுக்கு மாற்று வேலை? கிடையாது. குடும்ப வருமானத்தில் பாதி போச்சு.

இப்ப கவனியுங்க. 1943ல் உலகப் போர் நடக்குது. நிலக்கரி வேணும், ஆள் பத்தலை. உடனே தடையைத் தூக்கிட்டாங்க. போர் முடிஞ்சு 1946 பிப்ரவரியில் தடை திரும்ப வந்தது. அப்ப, பெண்ணோட உடம்புக்கு ஆகாது என்று சொன்ன அந்தக் காரணம் அந்த ரெண்டரை வருஷம் எங்கே போயிருந்தது?

அந்த நேரத்தில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் யார் தெரியுமா? அண்ணல் அம்பேத்கர். தடை நீக்கத்தை அகில இந்திய மாதர் மாநாடு கடுமையா எதிர்த்தது. 1944 பிப்ரவரி 8 அன்று மத்திய சட்டமன்றத்தில் இதன்மேல் விவாதம் நடந்தது. அரசின் முடிவை நியாயப்படுத்திப் பேச வேண்டிய இடத்தில் அம்பேத்கர் நின்றார். அவசர காலம், தற்காலிகம் என்றார். அதோட இன்னொண்ணும் சொன்னார்: உள்ளே போகும் பெண்ணுக்கு ஆணுக்கு என்ன கூலியோ அதே கூலி. சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு உதவிச் சட்டம் 1941ல் வந்தது, அது திருத்தப்பட்டு விரிவானதும் அவர் காலத்தில்தான். தடை நீக்கியது சரியா தப்பா என்று இன்னைக்கும் விவாதிக்கலாம். எனக்கே அதில் ரெண்டு மனசு. ஆனா ஒரு பெண் அங்கே வேலை செய்தா அவளுக்கு என்ன கூலி, அவ பிரசவத்துக்கு யார் பொறுப்பு என்று கணக்குக் கேட்டார் பாருங்க, அந்தக் கேள்வியை 1952 சட்டத்தின் விலக்குப் பிரிவு காணாம அடிச்சிடுச்சு.

"ஏம்மா, பாதுகாப்புக்குத்தானே தடை? சுரங்கத்துக்குள்ள போய் சாகணுமா?" என்று பயிலரங்கில் ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. 1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டவர்கள் செத்தாங்க. பெண்களைத் தடை செய்ததால் அந்தச் சுரங்கம் பாதுகாப்பா மாறிடலையே. ஆபத்தைக் குறைக்க விரும்பினா ஆண் பெண் எல்லாருக்கும் குறைக்கணும். அதுக்குத்தான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1995ல் சுரங்கப் பாதுகாப்புக்கு 176ஆம் உடன்படிக்கை கொண்டுவந்தது. பெண்களை வெளியே நிறுத்தும் பழைய 45ஆம் உடன்படிக்கையை 2024ல் ரத்தே பண்ணிட்டாங்க. ரத்தானதை 1938லேயே ஏற்ற இந்தியா, எல்லாருக்கும் பாதுகாப்பு சொல்லும் 176ஐ இன்னும் ஏற்கவில்லை.

தடை படிச்ச பெண்களை எப்படி அடிச்சது என்பதும் தெரியணும். சுரங்கத்தில் மேலாளர் ஆக டிகிரி மட்டும் போதாது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் நடத்தும் தேர்வில் தகுதிச் சான்று வாங்கணும். எல்லாச் சுரங்கத்துக்கும் செல்லும் சான்றுக்குத் தரைக்குக் கீழே வேலை பார்த்த அனுபவம் கேட்பாங்க. தரைக்குக் கீழே போகவே தடை என்றால் அனுபவம் எங்கிருந்து வரும்? திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும் செல்லும் சான்றோட நிற்கணும். சரி, திறந்தவெளியிலாவது? நம்ம நெய்வேலியை எடுத்துக்குங்க. முழுக்கத் திறந்தவெளிதான், ஆனா ராத்திரி பகல்னு ஷிப்டு ஓடும். மாலை ஏழுக்கு மேல் பெண் கூடாது என்றால் ஷிப்டு வேலையில் எந்த மேலாளர் பெண்ணைக் கேட்டு வாங்குவார்? அதனால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கம்தான் பெண்கள்.

கோல் இந்தியாவின் துணை நிறுவனங்களில் இன்னொரு கூத்து நடந்தது. பெண் தொழிலாளி விருப்ப ஓய்வு வாங்கினா அந்த வேலை மகனுக்கு என்று ஒரு சிறப்புத் திட்டம். கேட்க நல்லாத்தான் இருக்கும், எந்த அம்மா மாட்டேன்னு சொல்வா? ஆனா ஒரு பெண் வேலை அப்படியே ஆண் வேலையா மாறிடும். இன்னைக்கு அங்கே பத்துப் பேருக்கு ஒரு பெண் கூட இல்லை.

இதையெல்லாம் மீறி முட்டி மோதிப் போனவங்களும் இருக்காங்க. நாக்பூரில் சந்திராணி பிரசாத் வர்மா சுரங்கப் பொறியியல் சீட்டுக்காக 1990களில் நீதிமன்றம் வரை போனவர். பின்னாடி சுரங்க ஆராய்ச்சி விஞ்ஞானி ஆனார். ஜார்க்கண்டின் ஆகாங்ஷா குமாரி 2021ல் வடக்கு கரண்புரா பகுதியில் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் பொறியாளரா சேர்ந்தார். சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தில் முதல் பெண் சுரங்கப் பொறியாளர்.

அவரால் உள்ளே போக முடிந்தது 2019 தொடக்கத்தில் ஒன்றிய அரசு போட்ட அறிவிப்பாணையால். நான் கையேட்டை மூடி ஆறேழு மாசத்தில் வந்தது, என் நேரம்! அதன்படி தரைக்கு மேலே இரவு ஷிப்டிலும் பெண்களை வைக்கலாம். தரைக்குக் கீழே பகலில் மட்டும், அதுவும் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் என்ற வகையில், தொடர்ந்து உள்ளேயே இருக்கத் தேவையில்லாத வேலைகளுக்கு. எழுத்துமூலச் சம்மதம் வேணும். ஒரு ஷிப்டில் குறைந்தது மூணு பெண்கள் இருக்கணும்.

அதை ஒரு தடவை நிதானமா படிங்க. பொறியாளர் அக்காவுக்குக் கதவு திறந்தது. கல் சுமக்கிற அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து 2020ல் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கு. 1952 சுரங்கச் சட்டமும் அதுக்குள்ள கரைஞ்சிடுச்சு. இதன் 43ஆம் பிரிவு பெண்கள் எல்லா நிறுவனத்திலும் எல்லா வகை வேலையிலும் சேரலாம், சம்மதம் இருந்தா இரவிலும் வேலை செய்யலாம் என்கிறது. "பெண்களுக்கு இனி தடையில்லை" என்று அவங்க ஐடி விங் கார்டு போட்டது. நான் குறை சொல்ல மாட்டேன், வரவேற்க வேண்டிய பிரிவுதான். எங்க தரப்பிலும் ஒரு நல்ல பிரிவை நல்ல பிரிவுன்னு சொல்ற தைரியம் இருக்கணும்.

ஆனா கார்டுல வராததை நான் சொல்றேன். முதலாவது, சின்ன குவாரிக்கான விலக்கு புதுத் தொகுப்பிலும் தொடருது. எங்க பெரியம்மா மாதிரி ஆட்கள் பழையபடி கருவேலங்காட்டுலதான். ரெண்டாவது, குழந்தைகள் காப்பகம். பழைய சட்டத்தின் கீழ் 1966ல் வந்த காப்பக விதிகள்படி, பெண்கள் வேலை செய்யும் சுரங்கத்தில் ஆறு வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கணும். இப்ப ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்தால்தான் காப்பகம். பழைய விதியிலும் ஒரு கோளாறு இருந்தது, மறைக்கலை. பெண்ணை மஸ்டர்ல ஏத்தினா காப்பகம் கட்டணும் என்பதாலேயே பெண் பேரை ஏத்தாம விட்ட முதலாளிகள் உண்டு. பெண் இருந்தால்தான் என்றில்லாம எல்லாத் தொழிலாளிக்கும் சேர்த்து எண்ணுவது சரியான மாற்றம். அதுக்காக எண்ணிக்கையை ஐம்பதுக்கு மேல ஏத்தியது எந்த ஊர் நியாயம்? நம்ம பக்கத்துக் குவாரிகளில் ஒரு இடத்தில் ஐம்பது பேரை நான் பார்த்ததில்லை. மூணாவது, சம்மதம். கான்ட்ராக்ட் தொழிலாளி ராத்திரி ஷிப்டுக்கு வரமாட்டேன்னு சொன்னா மறுநாள் அவளுக்கு வேலை இருக்குமா?

சரி, வேற மாதிரி நடந்திருக்கவே இல்லையா? நடந்திருக்கு. தூரம் போக வேண்டாம், புதுக்கோட்டை.

1990களின் தொடக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கம் ஊர் ஊரா போய் எழுத்தறிவு வகுப்பு எடுத்த காலம். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கத்துக்கிட்ட கதை உங்களுக்குத் தெரியும், அது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அதே நேரத்தில் இன்னொண்ணும் நடந்தது. கான்ட்ராக்டர்களிடம் கொத்தடிமை மாதிரி கல் உடைச்ச பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, குவாரிக் குத்தகையையே அவங்க பேருல கொடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, நேத்து வரைக்கும் மஸ்டர்லயே பேரு இல்லாதவங்க இன்னைக்குக் குத்தகைதாரர். எத்தனை லோடு போச்சு, என்ன விலை, யாருக்கு எவ்வளவு என்று அவங்களே எழுதணும். அறிவொளி வகுப்பில் கத்துக்கிட்ட எழுத்து அங்கேதான் சோறு போட்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தப் பெண்களைச் சந்தித்து எழுதியிருக்கார். கான்ட்ராக்டர்கள் சும்மா இருக்கலை, எதிர்ப்பு கடுமையா வந்தது, ஆதரவு கொடுத்த அதிகாரிகளும் மாறிப் போனாங்க, குழுக்கள் திணறிப்போச்சு. அதையும் சாய்நாத் எழுதியிருக்கார்.

அந்தத் திட்டம் ஒரு சட்டமாகவோ நிரந்தர விதியாகவோ மாறலை. ஒரு ஆட்சியரின் அக்கறையை நம்பி நின்றது. இன்னைக்கு அரசு நிலத்துக் குவாரி என்றால் ஏலம், டெண்டர், அதிகம் கேட்டவருக்குத்தான். பத்துப் பெண்கள் சேர்ந்த குழு அந்த மேசைப் பக்கமே போக முடியாது. மாநிலத்துக்கு அதிகாரம் உள்ள விஷயம் இது. சிறு கனிமங்களுக்கான விதிகளை எழுதுவது மாநில அரசுதான், டெல்லியைக் கை காட்ட முடியாது. நம்ம கட்சி உட்பட யார் ஆட்சியில் இருந்தாலும் நான் இதைக் கேட்பேன். (மேடையில் இதைச் சொன்னப்ப மாவட்டப் பொறுப்பாளர் தலையாட்டினார். வீடியோ ஆதாரம் இருக்கு.)

இன்னொரு பணமும் இருக்கு. 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்துக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. சுரங்கம் நடத்துபவர் ராயல்டியோட சேர்த்து அதுக்கும் பணம் கட்டணும். செலவிடும் முன்னுரிமைப் பட்டியலில் குடிநீர், சுகாதாரம், கல்வியோட பெண்கள் குழந்தைகள் நலனும் உண்டு. காப்பகத்துக்கும், தூசி நோய்ப் பரிசோதனைக்கும் காசு இல்லை என்று இனி யாராவது சொன்னா இந்தப் பேரைச் சொல்லுங்க.

தூசி நோய் என்றதும் திரும்ப வீட்டுக்கு வர்றேன்.

பெரியம்மாவுக்கு ஆறு வருஷமா இருமல். காசநோய்னு மாத்திரை கொடுத்தாங்க, முழு கோர்ஸும் முடிச்சாங்க, நிற்கலை. ரெண்டு வருஷம் முன்னாடி எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு டாக்டர் "குவாரியில் வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டார். சிலிகோசிஸ். கல் தூசி நுரையீரலில் படிஞ்சு வர்றது. சுரங்கச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நோய், இழப்பீடு கேட்கலாம். கேட்கப் போனோம். எங்கே வேலை பார்த்தீங்க, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, ஆதாரம்? எங்களிடம் இருந்தது ஒரு சம்மட்டி, பெரியப்பா பேருல ரெண்டு நோட்டு.

அன்னைக்கு ராத்திரி பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கூட யார் யாரெல்லாம் உடைச்சாங்க, சொல்லுங்க" என்றேன். மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டுச் சொன்னாங்க. பதினாலு பேர். யார் எந்த வருஷம் வந்தாங்க, யாருக்கு அங்கேயே பிள்ளை பிறந்தது, யார் இப்ப இல்லை, எல்லாம் ஞாபகம் இருக்கு. போன்ல டைப் பண்ணிக்கிட்டேன். அப்புறம் வீடு வீடா போய் உயிரோட இருக்கிற ஒன்பது பேரிடம் எழுதி வாங்கியிருக்கோம், ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சியா. வழக்கறிஞர் அணித் தோழர் ஒருவர் பார்த்துக்கிட்டிருக்கார்.

உங்க ஒன்றியத்தில் குவாரி, செங்கல் மண் குழி, சுண்ணாம்புக்கல் சுரங்கம் எது இருந்தாலும் அங்கே வேலை செய்யும், செய்த அக்காக்களிடம் மூணு விஷயம் கேட்டு எழுதுங்க: எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, கூலி யார் பேருல, கூட வேலை பார்த்தவங்க யார். அவங்க சம்மதம் இல்லாம பேரையோ போட்டோவையோ குரூப்ல போடாதீங்க, நேரா மாவட்ட மகளிர் அணி அலுவலகத்தில் கொடுங்க. ஃபார்ம் மாதிரி நான் டிசைன் பண்ணி வைத்திருக்கேன், பேருக்கான இடம் மட்டும் பெருசா விட்டிருக்கேன். பெரியம்மாவோட பதினாலு பேர் முதல் தாளில் இருக்காங்க.